ரோசா பஸ்ஸை வீடாக்கினேன், அடியிலிருந்து குளிர் ஏறுகிறது

அம்பேவல ரோசா:
பழைய ரோசா பஸ் (மிட்சுபிஷியின் சின்ன பஸ்) ஒன்றை வாங்கி, சீட்டெல்லாம் கழற்றிவிட்டு, கட்டிலும் குட்டிக் குசினியும் வைத்து ஓடும் வீடாக்கியிருக்கிறேன். இப்போது நுவரெலியாப் பக்கம் மலையில், அம்பேவலயில் மாமா வீட்டு லீக்ஸ் பாத்திகளுக்குக் கீழே, ஓடைக்கரையில் நிற்கிறது. போன கிழமை இரண்டு இரவு படுத்துப் பார்த்தேன். கம்பளி இரண்டு போர்த்தியும் கீழிருந்து குளிர் ஏறுகிறது, காலையில் வெறுங்காலைத் தரையில் வைக்க முடியவில்லை, மெத்தையைத் தூக்கினால் அடியில் ஈரம். 100 லீட்டர் தண்ணீர்த் தாங்கி சேசிக்கு அடியில் தொங்குகிறது, அதிலிருந்து அரை அங்குல பிவிசி குழாய் குசினிக்குப் போகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் வண்டியைச் சுற்றிப் பாவாடை மாதிரிக் கட்டி உள்ளே ஹீட்டர் வைக்கிறார்கள். ஜனவரி வருகிறது, துகள் பனி (புல்லில் வெள்ளையாகப் படியும் உறைபனி) விழும் நேரம். குழாய் வெடிக்குமா? நானும் சுற்றிப் படங்கு (தார்ப்பாய்) கட்டவா? கராஜில் கேட்டேன், சிரித்துவிட்டு டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

எட்மண்டன் பழைய தோட்டத்தான்:
தம்பி, நான் கனடாவில் டிரெய்லர் வண்டி ஒன்றில் இரண்டு குளிர்காலம் இருந்தவன். இங்கே மைனஸ் 30 சாதாரணம். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் அளவுக்குப் பருக்கும், குழாயும் வால்வும் பிளக்கும். அதனால் சுற்றிப் பலகையோ ஃபோம் தட்டோ அடைத்து, குழாயில் சூடாக்கும் வயர் சுற்றி, தாங்கிக்கு அடியில் சூட்டுப் பட்டை ஒட்டி, வண்டியை விட்டுப் போவதென்றால் தண்ணீரை வடித்து புரோப்பிலீன் கிளைக்கோல் கலந்த திரவம் ஊற்றுவோம். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்டைத் தண்ணீர்க் குழாயில் ஊற்றிவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல், அது விஷம். ஒன்று மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்: அந்தப் பாவாடை சூடு தராது, காற்றை மட்டும் நிறுத்தும். சூடு மண்ணிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் ஹீட்டரிலிருந்து. அம்பேவலைக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை.

கந்தப்பளை கொழுந்து:
அண்ணன் சொல்வது சரி. நம்ம ஊர்ப் பனி வேறு மாதிரி. துகள் பனி விழும் இரவில் காற்றே இருக்காது, மேகமும் இருக்காது, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். நிலத்துச் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். நாலடி உயரத்தில் 3, 4 டிகிரி காட்டும்போதே புல்லில் வெள்ளை படிந்திருக்கும். தேயிலையில் பாருங்கள், நிழல் மரத்துக்கு அடியில் இருக்கும் செடி தப்பிக்கும், வெட்டவெளியில் நிற்பதுதான் கருகும். அதே கணக்குதான், உங்கள் பஸ்ஸின் கூரைதான் பனி வாங்கும், அடிப்பக்கத்துக்கு பஸ்ஸே குடை. வெளியே புல்லில் கிடக்கும் ரப்பர் ஹோஸ்தான் முதலில் உறையும், இரவில் கழற்றி வடித்துவிடுங்கள். குழாய்க்குப் பழைய கம்பளித் துண்டைச் சுற்றி, நனையாமல் மேலே பொலித்தீன் கட்டினால் போதும்.

முதல் வேலை வண்டியை இடம் மாற்றுவது. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், ஓடைக்கரைக் கொழுந்து முதலில் கருகுவது அதனால்தான். நீங்கள் சரியாக அந்தக் குழியில் போய் நிறுத்தியிருக்கிறீர்கள்! மேட்டில் இருபது அடி ஏற்றினாலே வித்தியாசம் தெரியும்.

லிந்துலை வெல்டிங்:
பாவாடைக் கதையை நான் செய்து பார்த்துக் கெட்டவன். காற்றும் மழையுமாக இருந்த ஒரு ஜூலையில் என் வேனைச் சுற்றிப் படங்கை, கொழுந்தெடுக்கிற அக்காமார் இடுப்பில் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டி, உள்ளே உரப்பையில் காய்ந்த மானாப்புல் அடைத்து வைத்தேன். சூடாகத்தான் இருந்தது, எலிக்கும். மூன்றாம் கிழமை ஸ்டார்ட் ஆகவில்லை, கீழே படுத்துப் பார்த்தால் வயர் கட்டு முழுவதும் கடித்துச் செம்பு பல்லிளிக்கிறது. ஈரம் போக வழியில்லாமல் சேசியில் துரு வேறு. கட்டுவதென்றால் காற்றடிக்கும் பக்கம் மட்டும் கட்டுங்கள், மறுபக்கம் திறந்திருக்கட்டும், புல் வைக்கோல் எதுவும் வேண்டாம்.

உங்கள் குளிர் தரைத் தகட்டில் இருக்கிறது. உள்ளே தரையில் ஒன்றரை அங்குல ரிஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல் தட்டு), அதன்மேல் பிளைவுட், மேலே லினோலியம். அடியில் ஒட்டாதீர்கள், சைலன்சர் சூட்டில் உருகும், பற்றவும் செய்யும். மெத்தை ஈரம் நிலத்திலிருந்து வருவதில்லை, உங்கள் மூச்சும் சோற்றுப் பானை ஆவியும்தான். குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகிறது. மெத்தைக்கு அடியில் ரீப்பர் சட்டம் அடித்து இடைவெளி விடுங்கள், படுக்கும்போது ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும்.

குளிர் தாங்கவில்லையென்று கரியடுப்பு, காஸ் அடுப்பு எதையும் எரியவிட்டுப் படுக்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மொனாக்சைடு ஆளைக் கொல்லும் விஷவாயு, அதற்கு மணம் கிடையாது. விடியற்காலை காஸ் சோம்பினால் சிலிண்டரில் குறையென்று நினைக்காதீர்கள், பியூட்டேன் சைபர் டிகிரிப் பக்கம் வந்தாலே ஆவியாக மறுக்கும்.

அம்பேவல ரோசா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மாமாவும் நானும் வண்டியை மேலே பைனஸ் மரத்தடிக்கு ஏற்றிவிட்டோம், கிளட்ச் மணக்க மணக்க. விடிய எழுந்து பார்த்தேன், கீழே ஓடைக்கரைப் புல் உப்புத் தூவின மாதிரி இருந்தது, பஸ்ஸுக்கு அடியில் மண் கறுப்பாகவே கிடந்தது. தரை மட்டும் இன்னும் ஐஸ்தான். ரிஜிபோம் போட்டால் கதவு தட்டுமே, கீழே அரை அங்குலம் சீவலாமா?

லிந்துலை வெல்டிங்:
சீவாதீர்கள், மழைத் தண்ணீர் உள்ளே வரும். கதவு திறக்கிற இடத்தில் மட்டும் ரிஜிபோம் இல்லாமல் விட்டு, ஒரு சாக்கைப் போடுங்கள்.