சீலியாக் என்று தெரிந்த பிறகு யார் வீட்டிலும் கை நனைக்க முடியவில்லை: மனத்தை எப்படித் தேற்றிக்கொண்டீர்கள்?

கேள்வி: மயூர் விகார் வாசி

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்த நான் பதினான்கு ஆண்டுகளாக டெல்லியில் வசிக்கிறேன். நெடுங்காலம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டாததால், மருத்துவர் முதலில் இரத்தத்தில் டி.டி.ஜி. என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும், பின்னர் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் செய்து, எனக்குச் சீலியாக் நோய் இருப்பதை எட்டு மாதங்களுக்கு முன்பு உறுதிசெய்தார். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடலின் எதிர்ப்பாற்றலே என் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது என்பதும், ஆயுள் முழுவதும் அதைத் தவிர்ப்பதுதான் சிகிச்சை என்பதும் எனக்குப் புரிந்துவிட்டன. இப்போது ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டிருக்கிறது. உடம்பு தேறிவருகிறது, மனம்தான் தேறவில்லை.

நவராத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். என்மீது மிகுந்த பிரியம் கொண்ட பக்கத்து வீட்டு மாமி, "உனக்கென்றே கோதுமை படாமல் பண்ணியிருக்கேன்" என்று சொல்லித் தொன்னையில் கடலைச் சுண்டலை நீட்டினார். அவருடைய அடுப்பு மேடையில் பெருங்காய டப்பா இருந்தது. அதே டப்பாவை நான் கடையில் கையில் எடுத்து, பின்பக்கத்தில் மைதா என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் திரும்ப வைத்தவள். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு, கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டு, லிஃப்டில் நின்று அழுதேன்.

ஊரில் உள்ளவர்கள், "சோறு சாப்பிடுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு நோயா, ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்கிறார்கள். என் பொருட்டுக் கணவரும் பிள்ளைகளும் வீட்டில் சப்பாத்தியை விட்டுவிட்டதைப் பார்க்கும்போது குற்ற உணர்ச்சி வேறு. எட்டு மாதம் ஆகியும் இப்படி அழுவது இயல்புதானா? நாலு பேர் வீட்டுக்குப் போய்வருவதை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: ஆர்.கே.புரம் பெரியவர்

சகோதரிக்கு வணக்கம். எனக்கு இந்த நோய் உறுதியானது 2012-இல். எட்டு மாதம் ஆகியும் அழுகிறேனே என்று நீங்கள் கேட்கிறீர்கள், நான் இரண்டாம் ஆண்டிலும் அழுதிருக்கிறேன். கோதுமையை விடுவது நமக்குப் பெரிய காரியமே இல்லை, சோறும் இட்லியும் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் எழுந்து வருவதுதான் பெரிய காரியம். பகை உள்ள வீட்டில்தான் கை நனைக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அன்போடு நீட்டிய தொன்னையைக் காவலாளியிடம் கொடுக்க நேர்ந்தவருக்கு அழுகை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என்னுடைய தவறு ஒன்றைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். முதல் ஆண்டில் எங்கள் தெரு மாவு மில்லில் பச்சரிசி அரைத்து வாங்கி, அந்த மாவில்தான் கொழுக்கட்டையும் இடியாப்பமும் செய்து சாப்பிட்டுவந்தேன். டி.டி.ஜி. அளவு குறையவே இல்லை. ஒரு நாள் அரைக்கும்போது நேரில் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் அரைத்த கோதுமை கல்லிலும் மாவு விழும் துணிக்குழாயிலும் அப்பிக்கிடக்க, அதே வாயில் என் அரிசியைக் கொட்டினார்கள். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் பயம் வந்துவிட்டது. வெளியே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, கல்யாணம், காதுகுத்து, நெருங்கிய நண்பரின் மணிவிழா எதற்கும் போகவில்லை. மூன்று ஆண்டுகள் அப்படி இருந்ததில், என்னை அழைப்பதையே பலர் நிறுத்திவிட்டார்கள். நோய் எடுத்துக்கொண்டதைவிட அந்தப் பயம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதிகம் என்று இன்றும் வருந்துகிறேன்.

இப்போது இரண்டு நாள் முன்னதாகவே தொலைபேசியில், "நான் வருகிறேன், என் சாப்பாட்டை நானே கொண்டுவருகிறேன், உங்கள் கையால் ஒரு காபி மட்டும் போதும்" என்று சொல்லிவிடுகிறேன். பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, என் தூக்கிலிருந்து தயிர்சாதத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு முறை அக்கம்பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை பரிமாறுகிறவரே, "சாருக்கு வாழைப்பழம் கொடுங்க" என்று சொல்லிக் கடந்து போனார். மலை மந்திரில் பிரசாதம் தரும்போது விபூதியை மட்டும் வாங்கிக்கொள்கிறேன், அதில் எனக்கு இப்போது குறையே இல்லை.

இன்னொன்று. உங்கள் சோர்வு முழுவதையும் மனத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். குடல் ஆறாத வரை இரும்பு மட்டுமல்லாமல் வைட்டமின் டி, பி12, ஃபோலேட் ஆகியவையும் குறைந்திருக்கலாம், அவற்றின் குறைவே மனத்தை அழுத்தும். பெரியவர்களுக்குக் குடலுறிஞ்சிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். சீலியாக் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்ததே, ஆகவே அடுத்த முறை போகும்போது அழுகையைப் பற்றியும் சொல்லுங்கள். நான் ஆறு மாதம் மனநல ஆலோசகரிடம் போனேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை.

மனம் மிகவும் சோர்ந்த நாட்களில் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவரை நினைத்துக்கொள்வேன். அவருடைய காலத்தில் இந்த நோய்க்குக் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். கோதுமைமீது அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்தக் குழந்தைகள் தேறியது அந்தச் சந்தேகத்துக்கு வலுச்சேர்த்தது. காரணம் தெரியாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தவித்த அந்தத் தாய்மார்களை நினைத்தால், என் தூக்கு அவ்வளவு கனப்பதில்லை.

பதில்: துவாரகா அம்மா

என் ஒன்பது வயது மகனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தது. நான் ஊட்டிய எதனாலோ வந்துவிட்டது என்று நம்பி இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: இதற்கு டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற மரபணு வகைகளில் ஒன்று வேண்டும், ஆனால் அவை இருப்பவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. பெற்றோரும் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார், அதில் எந்தத் தொந்தரவும் இல்லாத என் கணவருக்கும் இருப்பது தெரிந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அம்மா.

ஊரார் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கும் இந்த நோய், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் காணப்படுகிறது. இங்கே மருத்துவமனையில் காத்திருக்கும்போது பஞ்சாபிலிருந்தும் ஹரியாணாவிலிருந்தும் வந்த தாய்மார்கள், நான் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்டுகிறார்கள். ஊரில் என் சொந்த அக்காவுக்குப் புரியவைக்க ஓராண்டு ஆயிற்று. அவர்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை, இப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். கேக்கைத் தொடாமல் வீட்டுக்கு வந்த பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல், "நான் போனா எல்லாருக்கும் கஷ்டமாம்மா?" என்று கேட்டான். மறுநாளே ஒரு டப்பா நிறையக் கடலை மிட்டாய் போட்டு, அவன் பெயர் எழுதி, வகுப்பாசிரியையிடம் கொடுத்துவைத்தேன். கேக் வெட்டும்போதெல்லாம் அவன் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை டப்பாவை நிரப்பிக் கொடுக்கிறேன்.

பதில்: முனிர்க்கா வாசி

என் மனைவிக்குச் சீலியாக் என்பதால் கணவன் நிலையில் இருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் கோதுமை மாவு கிடையாது. தனிச் சப்பாத்திக்கல், தனிப் பலகை என்று ஆறு மாதம் முயன்று, மாவு பறந்து எல்லாவற்றிலும் படிவதைப் பார்த்து நாங்களாகவே நிறுத்தினோம். ரொட்டி வேண்டும் என்றால் நான் அலுவலகத்தில் சாப்பிட்டுவிடுகிறேன். அதைத் தியாகம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது. உங்கள் கணவரிடம் ஒரு முறை நேராகக் கேட்டுப் பாருங்கள்.

பெரியவர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பந்தியில் தனித் தூக்கைத் திறப்பது என் மனைவிக்குக் கூடுதல் வேதனையாக இருந்தது. அவர் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பந்தி முடிந்து பேச்சுக் கச்சேரி தொடங்கும் நேரத்துக்குப் போகிறார். உங்களுக்கு எது தோதோ அதைச் செய்யுங்கள்.

மீண்டும் மயூர் விகார் வாசி

மூவருக்கும் நன்றி. பிள்ளைகளின் பரிசோதனைக்குச் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.

நேற்று மாலை மாமியிடம் சென்று, அந்தச் சுண்டலை என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்த மாமி, உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைதா என்ற சொல்லை விரல் வைத்துப் படித்தார். "இத்தனை வருஷமா இதைத் திருப்பிப் பார்த்ததே இல்லையேடி" என்றார். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் வாணலியிலேயே சுண்டல் தாளித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கடலையை மட்டும் நான் முந்தின இரவே ஊறவைக்க வேண்டுமாம்.