நார்வே கடலோரக் கப்பல்: ஒரு வழியா, போய்த் திரும்புவதா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அடுத்த செப்டம்பரில் நார்வே போகிறோம். பெர்கனிலிருந்து வடகோடியிலுள்ள கிர்க்கெனெஸ் வரை போகும் கடலோரக் கப்பல் என்பது வரை முடிவு. வடக்கே ஒரு வழி போய் விமானத்தில் திரும்புவதா, கப்பலிலேயே பெர்கன் திரும்பும் 12 நாள் பயணமா? அம்மாவுக்கு வடதுருவ ஒளி (இரவு வானில் பச்சைத் திரைபோல அசையும் வெளிச்சம்) பார்க்க ஆசை. ஆனால் பஸ்ஸில் ஏறினாலே குமட்டல், முழங்கால் வலியும் உண்டு. அப்பாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட், எங்கள் இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட். எல்லோரும் சைவம்.

பதில் 1 (கடலூர் ஓ.டி.)
ஒளிதான் முக்கியம் என்றால் 12 நாள் போங்கள். வடக்கே மட்டும் போனால், ஒளி நன்றாகத் தெரியும் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே மூன்று இரவுகள்தான் கிடைக்கும். போய்த் திரும்பினால் ஆறு. அந்த ஊர் மேகத்தை நம்பி மூன்று இரவில் பந்தயம் கட்ட முடியாது. இன்னொன்று, கப்பல் நிற்கும் 34 துறைமுகங்களில் வடக்கே போகும்போது தூக்கத்தில் கடப்பவை திரும்பும்போது பகலில் வரும். லோஃபோடன் தீவுகள் பக்கத்து ராஃப்ட்சுண்ட் நீரிணை அப்படித்தான். இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு வரும் இடம் அது. வடக்கே போகும்போது அதை இருட்டில்தான் கடப்பீர்கள்.

தேதியை மகாளய அமாவாசையை ஒட்டி எடுங்கள். நிலா வெளிச்சம் இருக்காது. பகலும் இரவும் சமமாக இருக்கும் அந்தக் காலத்தில் ஒளியின் வீச்சும் கூடும். வீட்டில் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதற்குத் தகுந்தபடி ஒரு வாரம் தள்ளிக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் போனால் அங்கே இரவே இருட்டாது, ஒளி தெரியவே தெரியாது.

குமட்டல் விஷயம்: பாதையின் பெரும்பகுதி தீவுகளுக்கு உள்புறமாகவே போகும். பிச்சாவரம் கழியில் படகு போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரம் தாண்டியதும் படகு தூக்கிப் போடுமே, அந்த மாதிரி முக்கியமாக மூன்று இடங்கள் உண்டு. முதல் இரவு முடிந்து விடியும் நேரத்தில் ஸ்டாட் முனை, இரண்டாம் இரவு ஹுஸ்டாட்விகா கடற்பகுதி, நான்காம் நாள் மாலை பூடோவிலிருந்து லோஃபோடனுக்கு வெஸ்ட்ஃபியோர்டன் கடற்பரப்பைக் கடக்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மாத்திரையை இந்த இடங்களுக்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் உள்ளே தங்காது. அவோமின் என்ற குமட்டல் மாத்திரை தூக்கம் வரவைக்கும், அதனால் முந்தின இரவு படுக்கும்போது போடுவதே வழக்கம். வேறு மருந்து எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வெறும் வயிறு கூடவே கூடாது.

பதில் 2 (லாஸ்பேட்டை)
விசாவில் உங்கள் வீட்டு நிலைமை மூன்று விதம். அப்பாவுக்கு விசா தேவையில்லை. அவருடன் பயணம் செய்யும் மனைவி என்பதால் அம்மாவுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டணம் கிடையாது, திருமணச் சான்றும் அப்பாவின் பாஸ்போர்ட் நகலும் வையுங்கள். நீங்கள் 21 வயதைத் தாண்டி, சொந்த வருமானத்தில் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது: 90 யூரோ கட்டணம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். அதிக நாள் தங்கும் நாடு நார்வே என்பதால் நார்வே விசாவுக்கே விண்ணப்பியுங்கள். ஆறு மாதம் முன்பே போடலாம், கோடை நெரிசலில் மாட்டாமல் மே மாதமே முடியுங்கள். அப்பா ஊர் திரும்ப ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) கையில் இருக்கட்டும்.

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கப்பலேறும் நாளுக்கு முந்தின நாளே பெர்கன் போய்ச் சேருங்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

பதில் 3 (நெல்லித்தோப்பு)
சைவம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். 'மீனும் வேண்டாம்' என்று தனியாக எழுத வேண்டும். ஊறுகாய், பருப்புப் பொடி பெட்டியில் இருந்தால் அம்மாவுக்குத் தெம்பு.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றிங்க. அறை எந்தத் தளத்தில் எடுப்பது? வழியில் கப்பல் நிற்கும் ஓலஸுண்ட் ஊரில் படி ஏற வேண்டுமா?

பதில் 1 (கடலூர் ஓ.டி.)
கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்பக்கக் கீழ் அறை மட்டும் வேண்டாம். ராத்திரி ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலை ஓரம் கட்டும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரங்கள் தலையணைக்கு அடியில் உறுமும். ஜன்னல் அறை என்றால் உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

ஓலஸுண்ட் அக்ஸ்லா குன்றுக்கு 418 படி, அம்மாவுக்கு வேண்டாம். மேலே போக வண்டிப் பாதை இருக்கிறது. ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்திலிருந்து நார்த் கேப் முனைக்குப் போவது பஸ்ஸில்தான், அதை முன்பதிவு செய்யுங்கள். அந்த முனை 307 மீட்டர் செங்குத்துப் பாறை, காற்று ஆளைத் தள்ளும். குடை உதவாது, காற்றுப் புகாத மேல்சட்டையும் காதை மூடும் தொப்பியும் வேண்டும்.

ஒளியைப் படம் எடுக்கும்போது போனைக் கைப்பிடிக் கம்பியில் சாய்க்காதீர்கள். எஞ்சின் அதிர்வு கம்பி வழியாக ஏறி, அந்தப் பச்சை ஒளி முழுக்கப் படத்தில் நடுங்கிய கோடாக விழும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து மூன்று விநாடி எடுங்கள்.