மறுமொழி: விசைவிரலா, சிக்குவிரலா?

> இனிப்புநீர் (நீரிழிவு) முகாம் துண்டறிக்கையில், மடக்கிய விரல் நீட்டும்போது மாட்டிக்கொள்ளும் நோயை (trigger finger) ‘விசைவிரல்’ என்று போட்டிருக்கிறோம். மலாயிலும் ‘ஜாரி பிச்சு’தான், பிச்சு என்றால் துப்பாக்கி விசை. மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

விசைவிரல் வேண்டாம். துப்பாக்கி விசையை அழுத்துவது ஆள்காட்டி விரல். இந்த நோய் மோதிர விரலையும் கட்டைவிரலையும்தான் அதிகம் பிடிக்கும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஒரே கையில் இரண்டு, மூன்று விரல்களிலும் வரலாம். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்துக்காரர்களிடம் கேட்டால் “விரலு சிக்கிக்கிது, இழுத்து விட்டாதான் வருது” என்பார்கள். அதையே எடுத்து ‘சிக்குவிரல்’ ஆக்கலாம்.

உள்ளே நடப்பதும் அதுதான். விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் ஓடுகிறது. நாண் எலும்பை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ள இடையிடையே வளையங்கள். உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் முதல் வளையம், அதாவது ஏ1, தடித்துப்போகிறது. நாணிலும் சிறு முண்டு விழுகிறது. தூண்டில்கோல் வளையத்தில் தங்கூசு முடிச்சு மாட்டுவது மாதிரி, மடக்கும்போது தாண்டிய முண்டு நீட்டும்போது வளையத்தில் நின்றுவிடும். வலிந்து நீட்டினால் ‘டக்’கென்று விடும். சர்க்கரை பல ஆண்டுகள் கூடியிருந்தால் அது நாணிலும் வளையத்திலும் உள்ள நார்ப்புரதத்தோடு (கொலாஜன்) ஒட்டி இழைகளை விறைப்பாக்கும். பொதுவாக வாழ்நாளில் 100 பேரில் 2, 3 பேருக்கு வருவது, இனிப்புநீர் உள்ளவர்களில் 10 பேர் வரை பிடிப்பதற்கு அது ஒரு காரணம்.

இந்த வளையத்துக்கு (ஆங்கிலத்தில் pulley) வரைவில் இருக்கும் ‘கப்பி’யையும் எடுத்துவிடுங்கள். கப்பி சுழலும், இது சுழலாது. ‘நாண்வளையம்’ போதும்.

> சிக்கு என்றால் தலைமுடிச் சிக்கு நினைவுக்கு வராதா அம்மா? ‘பூட்டுவிரல்’ எப்படி?

மருந்தகத்தில் இருப்பவள் என்ற முறையில் என் கருத்து, ஐயா. சேர்த்து எழுதினால் முடி நினைவுக்கு வராது. பூட்டுவிரலில்தான் ஆபத்து இருக்கிறது. விரல் பூட்டிக்கொள்வது முற்றிய நிலை. முதலில் உள்ளங்கையில் ஒரு புள்ளியை அழுத்தினால் வலிக்கும், காலையில் விறைக்கும், பிறகு தட்டித் தட்டி நீளும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு நோயின் மோசமான நேரமும் கத்தி பிடிக்கிற நேரமும் ஒன்றாகிவிடும். கிளினிக்குக்கு அப்போதே வரவேண்டும். ‘இன்னும் பூட்டவில்லையே’ என்று இருந்துவிட்டால் நடுமூட்டு மடங்கியபடியே நிலைத்துவிடக்கூடும். என் ஓட்டு சிக்குவிரலுக்கு.

துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்துக்குச் சில திருத்தங்கள்.

‘விரல் கட்டு’ என்பதைச் ‘சிம்பு’ என்று மாற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவதால் எல்லாருக்கும் தெரிந்த சொல். அடிமூட்டு 10 முதல் 15 பாகை மடங்கியிருக்க வேண்டும், மேல்மூட்டுகள் அசையலாம், இரவில் குறைந்தது 6 வாரம். இறுக்கிக் கட்டினால், இனிப்புநீரால் மரத்துப்போன விரலில் புண் விழுவதுகூடத் தெரியாது. வெந்நீர் ஒத்தடத்துக்கும் இதே எச்சரிக்கை: சூட்டை முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துச் சொடக்கெடுப்பதைத் தடித்த எழுத்தில் ‘வேண்டாம்’ பட்டியலில் போடுங்கள். ஒவ்வொரு இழுப்பும் வீங்கிய நாணை மீண்டும் உரசும்.

செம்பனைக் குலை வெட்டும் உளிக் கம்பு, பால்வெட்டுக் கத்தி இரண்டுக்கும் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்கலாம். ஒல்லியான பிடியை இறுக்க விரல் அதிகம் மடங்கும். வளையத்தில் அழுத்தமும் கூடும்.

வரைவில் இன்சுலின் பேனாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொத்தானை முழுக்க அழுத்தி 10 எண்ணும்வரை பிடிக்க வேண்டும். கட்டைவிரல் நடுவில் சிக்கினால் மருந்து குறைவாக இறங்கும். காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறும். அந்தக் கையில் கோளாறு என்றால் மறுகையால் அழுத்தட்டும்.

ஸ்டீராய்டு ஊசி இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே கைகொடுக்கும். போட்ட பிறகு சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை, சர்க்கரை கூடும். அந்த நாள்களில் அடிக்கடி குத்திப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்; இன்சுலின் அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது. ஓரிரு ஊசியில் கேட்காவிட்டால் சிறு அறுவை: கையை மட்டும் மரக்கவைத்து அந்த வளையத்தை வெட்டிவிடுவார்கள். அன்றே விரலை அசைக்கத் தொடங்கலாம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். ஆறும்வரை ரப்பர் பாலும் மண்ணும் காயத்தில் படக்கூடாது, இவர்களுக்குச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல்.

ஸ்டீராய்டை அப்படியே விடுங்கள், ஐயா. ‘ஊக்கமருந்து’ என்று தமிழாக்கினால், பளு தூக்குகிறவர்கள் திருட்டுத்தனமாகப் போடுவது என்று பயந்து பாதிப் பேர் ஊசிக்கே வரமாட்டார்கள்.