வயது வந்த இரு பெண்கள் சேர்ந்து வாழ்வதற்கு எதிராகக் 'காணவில்லை' புகார்: சட்டத்தில் என்ன வழி?

கேள்வி: மண்டபத்து அக்கா

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் அருகிலுள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொல்லாததற்கான காரணம் படிப்பவர்களுக்கே புரியும்.

என் சித்தப்பா மகளுக்கு 23 வயது. பள்ளியில் உடன் படித்து, பிறகு ஒரே இறால் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணைத்தான் அவள் தன் வாழ்க்கைத் துணையாகக் கருதுகிறாள். இது வீட்டில் தெரிந்தவுடன் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். இருவரும் கோயம்புத்தூருக்குப் போய் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். இப்போது சித்தப்பா காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார். பெண்ணைக் கூட்டிவந்து பெற்றோரிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று காவல் நிலையத்தில் சொன்னதாகவும், ஊர்க் கமிட்டியில் யாரோ ஒருவர் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைச் சொல்லி மிரட்டியதாகவும் கேள்விப்பட்டேன். வந்ததும், மனநோய் உள்ளவர்களைக் கூட்டிச்செல்லும் ஏர்வாடி தர்காப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் சரியாகிவிடும் என்று மாமா பேசுகிறார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அவளை அவளுடைய விருப்பத்துக்கு மாறாகக் கூட்டிவர முடியுமா? இருவரும் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டால் இதெல்லாம் நின்றுவிடுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மதுரைக் கிளை வழக்கறிஞர்

சகோதரி, முதலில் 377 பற்றிய பயத்தை விடுங்கள். 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வது அந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படி ஒரு பிரிவே கிடையாது.

உங்கள் தங்கைக்கு நேரடியாகப் பொருந்துவது, 2021 ஜூன் 7 அன்று எஸ். சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டு எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குப் போக, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் வந்த வழக்கு அது. தன்பாலீர்ப்பு குறித்துத் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் வல்லுநரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்த பிறகுதான் உத்தரவை எழுதினார். நீதிமன்றங்களில் அரிதாகவே காணக்கிடைக்கும் நேர்மை இது. காணவில்லை என்ற புகாரை விசாரிக்கையில், சம்பந்தப்பட்டவர்கள் மனமொத்துச் சேர்ந்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரியவந்தால், அவர்களுடைய வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, எந்தத் தொல்லையும் தராமல் காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும் என்பது அந்த உத்தரவின் வழிகாட்டுதல்களில் ஒன்று. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையும் (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் உள்ளிட்டோர்) அவர்களுடைய நலனுக்காகப் பணிபுரிவோரையும் துன்புறுத்தக் கூடாது என்று அது காவலர்களைக் கட்டுப்படுத்துகிறது.

ஆனால் சட்டப்படியான விசாரணையை அந்த விதி தடுக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே அவர்கள் ஒளிந்திருப்பதில் பயனில்லை. தேடி வருபவர்களுக்கு முன்னால் அவர்களுடைய சொல் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். 'நான் வயது வந்தவள், என் விருப்பப்படி வந்தேன், யாரும் கடத்தவில்லை, பெற்றோரிடம் செல்ல விருப்பமில்லை' என்று இருவரும் தனித்தனியே எழுதிக் கையெழுத்திட்டு, வயதுச் சான்றையும் மேற்சொன்ன உத்தரவின் நகலையும் இணைத்து, இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் கோயம்புத்தூர் மாநகரக் காவல் ஆணையருக்கும் அனுப்பட்டும்.

ஒருவேளை அவளைப் பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் அடைத்துவிட்டால், அவளுடைய துணையே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். இத்தகைய மனுக்களில் அந்த நபரிடம் குடும்பத்தார் இல்லாத சூழலில் தனியாகப் பேசி விருப்பத்தை அறிய வேண்டும், ஆலோசனை என்ற பெயரில் அவருடைய மனத்தை மாற்ற முயலக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று தேவு ஜி. நாயர் வழக்கில் நீதிமன்றங்களுக்கே வழிகாட்டியிருக்கிறது. 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, 25 வயதுப் பெண்ணொருத்தியைப் பெற்றோரின் பிடியிலிருந்து விடுவித்தபோது, குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று கூறியது.

பதில்: கீழக்கரைத் திருநங்கை

அக்கா, உங்கள் மாமா சொன்ன ஏர்வாடிப் பேச்சைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என்னையும் அப்படிச் சொல்லித்தான் வீட்டில் அடைத்து வைத்தார்கள். தர்காவுக்கு நம்பிக்கையோடு வருகிற எந்த மதத்தாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனதை இந்தக் கரையில் வாழ்கிற யாரும் மறக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்கிறது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் தங்கைக்கு நோயே இல்லை. அவளை மாற்றுவதாகச் சொல்லி ஒரு மருத்துவர் சிகிச்சை செய்தால், அது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. இவற்றை மாமாவிடம் நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். விருப்பமில்லாமல் அடைத்துவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில் அவர்மீதே வழக்கு வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். அதே தேதியில்தான் 2014இல், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்து நெடுநாள் சென்ற பின்னும், நான் போன ஒரு காவல் நிலையத்தில் அதைப் பற்றி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நகல் எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்கள். ஆகவே நீங்களும் வெறுங்கையோடு போகாதீர்கள்.

இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். இது 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் தருகிற உரிமை. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மீனவ ஊர்களில் அவர்கள் நடத்தும் சட்ட விழிப்புணர்வு முகாம்களில் இந்த 2021 உத்தரவைப் பற்றியும் பேச வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேட்கலாம் என்றிருக்கிறேன். நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் மகிழ்வேன்.

பதில்: தொண்டி வாசகர்

திருமணப் பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன். 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டதால், இன்றைய நிலையில் இருவருடைய பதிவு ஏற்கப்படாது. ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் தூத்துக்குடியில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யுமாறு மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று உத்தரவிட்டது என்பது உண்மைதான். அது இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் யார் என்ற கேள்வியைப் பற்றியது, இவர்களுக்குப் பொருந்தாது. இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குடும்ப இணைவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்ய வழிவகுக்கலாம் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசுக்கு யோசனை கூறியது. பதிவு இல்லாததால் சேர்ந்து வாழும் உரிமை குறைந்துவிடாது. அதை அந்தப் பெண்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

மண்டபத்து அக்கா

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தங்கையிடம் பேசிவிட்டேன், இருவரும் எழுதித்தரத் தயாராக இருக்கிறார்கள். முகாம் மனுவில் நானும் கட்டாயம் கையெழுத்திடுவேன். ஒரு சந்தேகம்: கோயம்புத்தூர் முகவரியைக் கடிதத்தில் எழுதினால் வீட்டாருக்குத் தெரிந்துவிடாதா?

மதுரைக் கிளை வழக்கறிஞர்

நியாயமான கவலை. தங்கியிருக்கும் முகவரியை எழுத வேண்டாம். வழக்கறிஞர் வழியாகத் தொடர்புகொள்ளலாம் என்று எழுதி, அவருடைய அலுவலக முகவரியைக் கொடுக்கட்டும். இருப்பிடத்தைப் புகார்தாரரிடம் தெரிவிக்கக் கூடாது என்ற வேண்டுகோளும் அதே கடிதத்தில் இருக்கட்டும். சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கொணர்வு மனு போட நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.