மறு: போர்டு புக் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கான லேபிள்கள் சனிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. மற்ற அடுக்குகளுக்கெல்லாம் பெயர் வைத்தாயிற்று. ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கிற போர்டு புக்குதான் பாக்கி.

> ‘அட்டைப் புத்தகம்’ போதுமே, அப்புறம் என்ன?

புத்தகத்தோடு சேர்த்து அட்டை என்றால் நாம் மேலட்டையைத்தான் சொல்கிறோம். ‘கெட்டி அட்டைப் புத்தகம்’ என்று கேட்டு வாங்கினாலும் உள்ளே இருப்பது தாள்தான். போர்டு புக்கில் தாளே கிடையாது, ஒவ்வொரு பக்கமும் அட்டை. குத்தாமலிருக்க மூலைகளை வளைவாக வெட்டியிருப்பார்கள். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் சட்டென்று கிழியாது. தாள் புத்தகம் என்றால் பிஞ்சு விரலுக்கு நாலைந்து பக்கம் சேர்ந்து புரளும். இதை ஒவ்வொன்றாகத் தானே திருப்பிவிடும். அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டாமா?

> அப்படியானால் ‘அட்டைப்பக்கப் புத்தகம்’.

அட்டைப்பக்கம் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். முகப்பு என்றே படிப்பார்கள்.

> ‘பிள்ளை நூல்’ என்று வையுங்கள். பிள்ளைத்தமிழ் பாடிய மொழி இது.

ஐயா, தொல்காப்பியத்தின் மரபியலைப் பாருங்கள். பிள்ளை அங்கே பறவைக்கும் தவழ்வனவற்றுக்கும் ஓரறிவு உயிருக்கும் உரிய இளமைப் பெயர். மக்களுக்குக் குழவி, மகவு இரண்டுதான். கிளிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் அந்த வழியில் வந்தவை. பின்னால் பொருள் விரிந்தது, பிழை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து வயதுப் பையனும் பிள்ளைதானே? பிள்ளைத்தமிழில் காப்பு முதல் சிறுதேர் வரை பத்துப் பருவம் வகுத்தார்களே, அதில் சப்பாணி, அதாவது குழந்தை கைகொட்டும் பருவத்திலிருந்தே இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கலாம். எவ்வளவு அழகான சொல்! இன்றைக்கு அதை லேபிளில் போட முடியாது, கால் ஊனத்தைச் சொல்லும் ஏச்சாக மாறிவிட்டது.

> புத்தகம் வடசொல். ‘பொத்தகம்’ என்று எழுதாவிட்டால் நான் உடன்படேன்.

உங்கள் தமிழ்ப்பற்றில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த அடுக்குக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் பேரனைத் தூக்கி வரும் அப்பத்தாக்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்குப் ‘பொத்தகம்’ அச்சுப்பிழையாகத்தான் தெரியும். ‘நூல்’ என்றால் தனித்தமிழும் ஆச்சு, எல்லாருக்கும் புரியவும் செய்யும். ஆனாலும் குழந்தையிடம் ‘அந்த நூலை எடு’ என்று யார் சொல்கிறார்கள்?

என் முன்மொழிவு: ‘முழு அட்டைப் புத்தகம்’. முழுக்கைச் சட்டை மாதிரி, கேட்டதும் புரிகிறது. நேற்றிரவு வரை வந்த மடல்களில் பெரும்பாலோர் இதற்குச் சரி என்றிருக்கிறார்கள். சிலர் விவாதம் முடிந்தால் போதும் என்று சொன்னது போலத்தான் தெரிகிறது. ‘பொத்தகம்’ கேட்ட ஐயாவின் மறுப்பையும் குறித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இதைவிடத் தெளிவான சொல் வந்தால் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
நூலகத்திலிருந்து