சுழல் டயல் போன்களை வைத்து வீட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை இன்டர்காம்: எந்தப் பெட்டி வாங்குவது?

வேலந்தாவளம் தோப்புக்காரன்:

எங்கள் தோப்பு வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் இருக்கிறது. தாத்தா காலத்துக் கறுப்பு ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) போன் ஒன்று பரணில் கிடந்தது. உக்கடத்தில் பழைய சாமான் கடையில் அதே ஜாதியில் இன்னும் மூன்று வாங்கினேன். நான்கிலும் டயல் சுற்றுகிறது, மணியைக் கையால் தட்டினால் கணீர் என்கிறது.

வீடு, அம்மா இருக்கும் சாளை, மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம் ஆகிய நாலு இடத்திலும் ஒவ்வொன்றை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட வேண்டும். வெளி லைன் எதுவும் வேண்டாம். மோட்டார் ரூம்தான் தூரம், 150 மீட்டர் இருக்கும்.

செல்போன் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். வாசலில் நின்றால் கேரளா டவர், கிணற்று மேட்டில் தமிழ்நாடு டவர், நடுவில் இரண்டும் இல்லை. அம்மாவுக்குத் தொடுதிரை ஒத்துவராது. தேங்காய் உரித்த கைக்கு அது அசையவும் அசையாது.

ஆன்லைனில் இரண்டு போர்ட் உள்ள VoIP பெட்டி (இன்டர்நெட் வழி பேச போனை மாட்டும் பெட்டி) ஒன்று வாங்கி மாட்டினேன். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வருகிறது. நம்பரைச் சுற்றினால் டோன் நிற்கவே மாட்டேன் என்கிறது. பட்டன் போனை மாட்டி அடித்தால் கால் போகிறது, ஆனால் மறுமுனையில் இருக்கும் கறுப்பு போன் மணி அடிக்காமல் 'ங்ங்' என்று முனகுகிறது. கோளாறு போனிலா பெட்டியிலா? 150 மீட்டர் தூரத்துக்கு ஏதாவது தனியாகப் போட வேண்டுமா?

கோவை கேட்ஜெட்:

இதெல்லாம் வேண்டாத வேலை ப்ரோ. உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஒரு ப்ளூடூத் போர்டு வையுங்கள். வெளியே பார்க்கப் பழசு, உள்ளே புதுசு.

செங்கோட்டை பழைய லைன்மேன்:

தம்பி, மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிவிடாதீர்கள். மணி, டயல், மைக் மூன்றையும் எறிந்துவிட்டால் மிஞ்சுவது கறுப்பு டப்பாதான், அதற்குக் கடையில் டப்பாவே வாங்கலாம்.

உங்கள் போனில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டிக்கு பல்ஸ் புரியவில்லை. டயலைச் சுற்றி விட்டால் அது திரும்பி வரும்போது லைனை விட்டு விட்டு வெட்டும். 1 போட்டால் ஒரு வெட்டு, 7 போட்டால் ஏழு, 0 போட்டால் பத்து. நொடிக்குப் பத்து வெட்டு என்பது கணக்கு. பட்டன் போன் அப்படி இல்லை, ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு சுருதி கலந்த ஓசையை அனுப்பும். இப்போது வரும் பெட்டிகளில் பல அந்த ஓசைக்கு மட்டும்தான் காது கொடுக்கும். டயல் டோன் நிற்காமல் ஓடினால் பெட்டி ஒரு வெட்டைக்கூட எண்ணவில்லை என்று அர்த்தம்.

நம்பாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். எஸ்டிடி பில்லுக்குப் பயந்து டயல் ஓட்டையில் சின்னப் பூட்டு மாட்டி வைத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் ரிசீவர் வைக்கும் குமிழைத் தட்டித் தட்டியே நம்பர் போட்டுவிடுவார்கள். அதே வித்தைதான். மடமடவென்று ஒரே சீராக நாலு தட்டு தட்டினால் 4. தட்டினால் எடுக்கிறது, டயலில் எடுக்கவில்லை என்றால் டயலைப் பார்க்க வேண்டும். தட்டினாலும் அசையவில்லை என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

மணி முனகுவது வேறு கதை. இந்த மணிக்கு 75 வோல்ட் ஏசி, 25 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) வேண்டும். உள்ளே சுருள், சுத்தியல், இரண்டு கிண்ணம் என்று நிஜமாகவே ஒரு பொருள் அசைய வேண்டும். பிளாஸ்டிக் போனின் பஸ்ஸருக்குச் செய்த பெட்டிக்கு அந்தத் தெம்பு இருக்காது.

நான் கடைசியாக வேலை பார்த்தது சி-டாட் ராக்ஸ் என்ற கிராமத்து எக்ஸ்சேஞ்சில், 128 போர்ட். 1986-ல் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கித்தூரில் வைத்தார்களே, அந்த ஜாதி. எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் என்று பேர், ஆனாலும் ஊர்க்காரர்களின் டயல் போனை மறுபேச்சு இல்லாமல் எண்ணிக்கொண்டது. அந்த மரியாதை இப்போதைய பெட்டிகளுக்குக் கிடையாது.

ஆகவே பழைய இன்டர்காம் பெட்டி தேடுங்கள். 308 என்றால் கடைக்காரருக்குத் தெரியும்: மூன்று வெளி லைன், எட்டு எக்ஸ்டென்ஷன். லாட்ஜ், கிளினிக், ஜவுளிக்கடை எல்லாம் கழற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் போன் இரண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்றிலிருந்து மற்றதை டயல் செய்து, மணி முழுசாக அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள். 'எல்லாம் ஓடும் சார்' என்பார். எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்கள்.

150 மீட்டர் ஒரு தூரமே இல்லை. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஜோடிக்கு, போக வரச் சேர்த்து, கிலோமீட்டருக்கு 170 ஓம் சுமார் வரும். உங்களுக்கு 26 ஓம் கூட முழுசாக வராது. இவை எக்ஸ்சேஞ்சிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி ஓடிய போன்கள்.

பாறசாலை பைட்:

லைன்மேன் அண்ணன் சொன்னதுதான் சுலபம். 308 கிடைக்காவிட்டால் என் வீட்டு வழி: ஒரு ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஆஸ்டெரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள், கூடவே போன்களை அதோடு இணைக்கும் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 பெட்டி. ஒரு பெட்டிக்கு இரண்டு போன், உங்களுக்கு இரண்டு பெட்டி. அதன் அமைப்புப் பக்கத்தில் பல்ஸ் டயலிங் என்று ஒன்று இருக்கும், அதை இயக்க வேண்டும். ரிங் அலைவெண்ணை 25 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ரிங் இடைவெளியை 0.4 நொடி அடி, 0.2 நிறுத்து, 0.4 அடி, 2 நொடி நிறுத்து என்று வைத்தால் நம்மூர் 'ட்ரிங் ட்ரிங்' அப்படியே வரும். மாற்றாமல் விட்டால் அமெரிக்கப் படத்தில் அடிப்பதுபோல் நீளமாக அடிக்கும்.

இன்னொன்று, ஹூக் ஃப்ளாஷ் (பேச்சின் நடுவே குமிழை ஒரு கணம் தட்டி விடுவது) குறைந்தபட்ச நேரத்தை 300 மில்லிசெகண்டுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். டயலின் ஒரு வெட்டு 60, 70 மில்லிசெகண்டுதான். அளவு ரொம்பக் குறைந்தால் நீங்கள் 1 போட்டதை ஃப்ளாஷ் என்று எடுத்துக்கொள்ளும்.

இந்த வழியில் செல்போனையும் ஒரு எக்ஸ்டென்ஷனாகச் சேர்க்கலாம். ஆனால் ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு போனால் நாலு போனும் ஊமை. அம்மா நம்பி இருக்கும் இடம் என்றால் நான்கூட 308-க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

வேலந்தாவளம் தோப்புக்காரன்:

பாலக்காட்டில் லாட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிய 308 கிடைத்தது. இரண்டு போனையும் தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்தேன், கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். மணி அடித்த அடியில் பக்கத்துக் கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கும் சாளைக்கும் இப்போது பேச்சு ஓடுகிறது.

மிச்சம் இருப்பவை: கொட்டகைக்கு ஒதுக்கிய போனில் சின்ன எண் சரியாகப் போகிறது, 6, 7 போட்டால் வேறு எங்கோ போகிறது. அம்மா போனில் அவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கிறது. மோட்டார் ரூமுக்கு இன்னும் கம்பி இழுக்கவில்லை. மோட்டார் கேபிள் போகும் பைப்பிலேயே விட்டுவிடலாமா ஐயா?

செங்கோட்டை பழைய லைன்மேன்:

மோட்டார் கேபிளோடு விடவே கூடாது. இரைச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்சுலேஷன் எங்காவது உரிந்தால் மூன்று ஃபேஸ் கரண்ட் நேராக அம்மா காதுக்கு வரும். தனியாகப் போடுங்கள். தோப்புக்காரர் வீட்டில் சொட்டுநீர்க் குழாய் மிச்சம் கிடக்குமே, ஓட்டை போடாத 16 மில்லிமீட்டர் குழாய். அதில் கம்பி ஜோடியை விட்டு ஓர் அடி ஆழத்தில் புதைத்தால் போதும். மேலே இழுத்தால் மட்டை விழுந்து அறுக்கும்.

புதைத்தாலும் இடி விடாது. ஐப்பசி இடிக்கு நீளக் கம்பி என்றால் கொண்டாட்டம். பெட்டி முனையிலும் மோட்டார் ரூம் முனையிலும் அரெஸ்டர் (இடி மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்து நல்ல எர்த் கொடுங்கள். வானம் கறுத்தால் அந்த ஜோடியைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிடுங்கள், அரெஸ்டர் இருந்தாலும்.

கொட்டகை போனில் டயல் சோம்பிவிட்டது. 0 போட்டு விட்டுப் பாருங்கள், திரும்பி வர ஒரு நொடி சுமார்தான் ஆக வேண்டும். இரண்டு நொடி இழுத்தால் பெட்டி நடுவிலேயே எண் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். பின்பக்கம் சின்னதாக ஒரு கவர்னர் (டயலின் வேகத்தைச் சீராக்கும் உறுப்பு) சுழலும், பழைய எண்ணெய் அதில் பிசினாகி இருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தூரிகையை நனைத்துத் துடைத்துவிட்டு, கடிகார எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையால். கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டால் அடுத்த வருஷம் இதைவிட மோசமாகும்.

அம்மா போனில் மைக்கின் கரித்தூள் கட்டி தட்டியிருக்கும். ரிசீவரை உள்ளங்கையில் நாலு தடவை தட்டுங்கள், தூள் உதிர்ந்து குரல் எழும்பும். எழும்பாவிட்டால் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றி கேப்ஸ்யூலை வேறு போனோடு மாற்றிப் பாருங்கள். குரல் கேப்ஸ்யூலோடு போனால் அதுதான் குற்றவாளி.

நாலு போனிலும் கண்டென்சரைப் பார்த்துவிடுங்கள். ரிசீவரை வைத்த நிலையில், லைனில் மாட்டாமல், மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் பழைய காகிதக் கண்டென்சர் கசிகிறது. 2 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் ஃபிலிம் வகை போடலாம். மணி அடிக்கும்போது வெறுங்கம்பியைத் தொடாதீர்கள், 75 வோல்ட் சுளீர் என்று இழுக்கும்.

வேலந்தாவளம் தோப்புக்காரன்:

டயல் சரியாகிவிட்டது ஐயா. பெட்டியில் எண்ணை மாற்ற முடிந்தது, அம்மாவுக்கு 11 வைத்தேன், சுற்ற நேரம் ஆகாது. கொட்டகைக்கு 12. குழாய் புதைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அம்மா போனில் தட்டியும் குரல் எழும்பவில்லை, கேப்ஸ்யூலை மாற்றினால் நன்றாகக் கேட்கிறது. புது கேப்ஸ்யூல் எங்கே கிடைக்கும்?

செங்கோட்டை பழைய லைன்மேன்:

புதிது தேட வேண்டாம். உக்கடத்திலேயே டயல் உடைந்த போன் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்குங்கள். பழைய கேப்ஸ்யூலைக் கையில் கொண்டுபோய் அளவு வைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே சுற்றளவு இல்லை. மிச்ச போனை எறியாதீர்கள், மணியும் கண்டென்சரும் உதவும்.