புதுப்பிப்பு: மாடிப்படிக்குக் கீழ் பிறந்த ஐந்து குட்டிகள்

மூன்று கிழமைக்கு முன் கேட்டிருந்தேன்: கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிப்படிக்குக் கீழ் தெருநாய் ஈன்ற ஐந்து குட்டிகளை, 5 கிழமையிலேயே கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்று. பொறுக்கச் சொன்னீர்கள். பொறுத்தேன். இன்றோடு 8 கிழமை.

நல்லதாய்ப் போயிற்று. விளையாட்டில் என் கையைக் கிழித்த கறுவல், இப்போது பல் பட்டதும் தானே விட்டுவிடுகிறான். நான் பழக்கவில்லை. அவன் பலமாகக் கடித்தால் மற்றக் குட்டிகள் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் உறுமுவாள். அதுதான் பாடம்.

3ஆம் கிழமையிலிருந்து 12, 14 வரை பார்ப்பதெல்லாம் மனதில் பதியும் காலம். குக்கர் விசில், விரித்த குடை, ஹெல்மெட் போட்ட ஆள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரயில் சத்தம் இலவசம்! மேல்வீட்டு அங்கிளைக் கண்டாலே நடுங்கிய சின்னக்குட்டி, அவர் பேசாமல் தரையில் உட்கார்ந்து கோழித்துண்டை நீட்ட, மூன்றாம் நாள் மடியில் ஏறிவிட்டாள். இழுத்துக் கையில் திணித்திருந்தால் பயம் கூடியிருக்கும்.

முதல் தடுப்பூசி போட்டாயிற்று. ஆனாலும் பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய்) பயத்தில் தெருவில் இறக்கவில்லை. கூடையில் தூக்கிக்கொண்டுதான் காலி வீதி என்ற பெருந்தெருவில் பஸ், ஓட்டோ எல்லாம் காட்டினேன்.

நாளை இரண்டு தெஹிவளைக்கு, வேறு வேறு வீடுகளுக்கு, ஒன்று கொட்டாஞ்சேனைக்கு. தாயின் மணம் ஊறிய பழைய சாரத்துண்டு ஒவ்வொன்றோடும் போகும். சின்னக்குட்டியை அங்கிள் விடுவதாக இல்லை. அப்புறம் கறுவல்... அவனைப் பற்றி வீட்டில் இன்னும் கதைக்கவில்லை.